உயிர்காக்கும் கையில் துப்பாக்கி

ஈசூனின் டிரான்சிட் சாலையில் உள்ள நீ சூன் முகாமில் சிங்கப்பூர் ஆயுதப் படையின் மருத்துவப் பயிற்சிக் கழகம் இயங்குகிறது. தேசிய சேவைக்கு வரும் இளைஞர்களில் மருத்துவ உதவியாளர்களாகத் தேர்வு பெறுவோர் அங்கே இரத்தப்போக்கை நிறுத்தவும், மூச்சுத் திணறுபவருக்கு வழி செய்யவும், அடிபட்டவரைத் தூக்கி வரவும் பழகுகிறார்கள். அடிப்படை ராணுவப் பயிற்சியில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்ட பிறகே அவர்கள் அங்கு வருகிறார்கள். சுடப் பழகிய விரலே நாடியும் பார்ப்பதை இந்த நாடு இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அறத்தைப் பற்றிய சிந்தனையில் இது அவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடவில்லை. உயிரைக் காப்பதற்கென்றே தன்னை ஒப்புக்கொடுத்த ஒருவர், உயிரை எடுப்பதையும் தொழிலாகக் கொண்ட படையில் சேரலாமா? சேர்ந்தால் மருத்துவக் கூடாரத்தோடு நின்றுவிட வேண்டுமா, ஆயுதமும் ஏந்தலாமா? ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் இதே தீவில் இந்திய மருத்துவர்கள் சிலர் இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையைக் கொண்டே விடையளிக்க நேர்ந்தது. அவர்களில் இருவர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். அந்த விடைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், மருத்துவ அறம் என்பது எங்கே தொடங்குகிறது, எங்கே மீறப்படுகிறது என்பதைக் காணலாம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். நீ சூன், பிடாடரி, சிலேத்தார் முதலிய முகாம்களுக்கு அவர்கள் பிரித்து அனுப்பப்பட்டார்கள். நீ சூன் முகாமின் பொறுப்பு, போருக்குப் பின் பிரிட்டிஷார் நடத்திய செங்கோட்டை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஷா நவாஸ் கானிடம் தரப்பட்டது. மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய ராணுவம் உருவானபோது, அதில் சேர்வதா, போர்க்கைதியாகவே இருப்பதா என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் மருத்துவ அதிகாரிகளுக்கும் அதே நெருக்கடிதான். சிப்பாய்க்கு எழுந்த கேள்வி எந்தக் கொடியின்கீழ் போரிடுவது என்பது. மருத்துவருக்கு அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: கொடி மாறினால் நோயாளிக்குத் தான் ஆற்ற வேண்டிய கடமை என்னவாகும்?

அந்தக் கைதி முகாம்களுக்கு வெளியே, நகரத்துக்குள், இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தவர். தந்தை சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர் எஸ். சுவாமிநாதன்; தாய் விடுதலைப் போராட்ட வீராங்கனை அம்மு சுவாமிநாதன். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மகப்பேறு மருத்துவத்தில் பட்டயமும் முடித்து, 1940-இல் சிங்கப்பூருக்கு வந்தார். ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கென மருத்துவமனை ஒன்றை நடத்தினார். நகரம் வீழ்ந்த நாள்களில் காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தார். 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றபோது, லட்சுமி தம் மருத்துவமனையை மூடிவிட்டு அதன் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் அமைச்சரானார். மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் அந்தப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். பிரசவம் பார்த்த மருத்துவர் கேப்டன் லட்சுமியானார். இந்த மாற்றத்தை வீரம் என்று கொண்டாடி முடித்துவிடுவது நம் வழக்கம். கொண்டாட்டத்தில் கேள்வி மறைந்துவிடுகிறது. அவர் செய்தது மருத்துவ அறத்துக்கு மாறானதா, இல்லையா?

மாறானதே என்போர் முன்வைக்கும் முதல் வாதம் சட்டத்தைச் சார்ந்தது. போரில் காயமுற்றோர் பற்றிய ஜெனிவா ஒப்பந்தங்கள், 1864-இலிருந்தே, மருத்துவப் பணியாளருக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கின்றன. 1929-இல் திருத்தப்பட்ட ஒப்பந்தப்படி, மருத்துவப் பிரிவினர் தம்மையும் தம் நோயாளிகளையும் காத்துக்கொள்ள ஆயுதம் வைத்திருக்கலாம். எதிரிக்குத் தீங்கு செய்யும் செயலில் இறங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே மருத்துவர் போரிடக் கூடாது என்பதை உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று சொல்லப்படுகிறது. சட்டத்தைக் கூர்ந்து படித்தால் அது அவ்வாறு சொல்லவில்லை. மருத்துவப் பட்டம் பெற்ற மனிதரை அது கட்டுப்படுத்தவில்லை. செஞ்சிலுவை அடையாளத்தின்கீழ் நிற்கும் பணியைத்தான் கட்டுப்படுத்துகிறது. அந்த அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிப்பாயாக நிற்பவர் சிப்பாய்க்குரிய ஆபத்துகளை ஏற்கிறார். அதில் வஞ்சனை இல்லை. அடையாளத்தை அணிந்துகொண்டே சுடுவதுதான் வஞ்சனை. இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று இருக்கிறது. 1942 பிப்ரவரி 14 அன்று அலெக்சாண்டிரா ராணுவ மருத்துவமனைக்குள் புகுந்த ஜப்பானியப் படையினர், அன்றும் மறுநாளுமாக மருத்துவர்கள், ஊழியர்கள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என ஏறத்தாழ 200 பேரைக் கொன்றார்கள். பின்வாங்கிய துருப்புகள் அந்த வளாகத்திலிருந்து சுட்டதே அதற்குக் காரணம் என்று பின்னர் சொல்லப்பட்டது. அக்கொடுமைக்கு எந்தக் காரணமும் நியாயமாகாது. ஆனாலும், மருத்துவமனை என்ற நம்பிக்கையின்மேல் ஐயத்தின் நிழல் விழுந்தால் உள்ளே கிடக்கும் எழ முடியாதவர்களின் உயிர்தான் முதலில் போகும் என்பதை அந்த இரண்டு நாள்கள் காட்டின. சட்டம் காப்பது அந்த நம்பிக்கையை.

இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. சட்டம் எதை அனுமதித்தாலும், உயிர்காக்கும் தொழிலில் இறங்கியவர் கொலைக்கு ஒரு வகையிலும் துணைபோகக் கூடாது. காயத்துக்குக் கட்டுப்போடும் அளவில் நின்றால் அவர் கை தூய்மையாக இருக்கும் என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கும் இந்த வாதத்தை மறுத்தவர், அகிம்சையையே வாழ்வாகக் கொண்ட காந்தி. 1899-இல் தென்னாப்பிரிக்கப் போரின்போது சுமார் 1,100 இந்தியர்களைக் கொண்ட ஆம்புலன்ஸ் படையை அமைத்தவர் அவர்; அதில் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். 1914-இல் லண்டனிலும் அத்தகைய முயற்சியில் இறங்கினார். பின்னர் தம் வரலாற்றை எழுதும்போது, போர்க்களத்தில் காயமுற்றோரைக் கவனிப்பதோடு நின்றவரும் போரின் குற்றத்திலிருந்து விடுபட முடியாது என்று அவர் ஒப்புக்கொண்டார். சிந்தித்தால் இது உண்மை என்று புரியும். ராணுவ மருத்துவர் குணப்படுத்தும் சிப்பாய் மீண்டும் களத்துக்குப் போகிறார். எல்லாப் படைகளும் மருத்துவப் பிரிவுக்குச் செலவிடுவதில் கருணையோடு இந்தக் கணக்கும் கலந்தே இருக்கிறது. எனவே துப்பாக்கி ஏந்தும் மருத்துவர் பாவி, கட்டுப்போடும் மருத்துவர் புனிதர் என்று கோடு கிழிக்க முடியாது. இருவரும் போருக்குள் இருக்கிறார்கள். அந்தப் போர் நியாயமானதா என்ற கேள்வி இருவருக்கும் பொது. அது மருத்துவர் அல்லாத எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள கேள்வியும்கூட.

அப்படியானால் மருத்துவருக்கே உரிய அறக்கோடு எது? அதைக் காட்டுவதும் இதே நகரம்தான். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஊட்ரமில் இருந்த மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில் ஓகா 9420 என்ற ராணுவப் பிரிவு இயங்கியது. மஞ்சூரியாவில் ஷிரோ இஷீ என்ற ராணுவ மருத்துவர் நடத்திய 731-ஆம் பிரிவோடு தொடர்புடைய அமைப்பு அது. எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் வளர்த்து, கொள்ளைநோயை ஆயுதமாக்கும் வேலை அங்கே நடந்தது. இளைஞராக அங்கு வேலைசெய்த ஒத்மான் வோக், பின்னாளில் சிங்கப்பூரின் அமைச்சராக இருந்தவர், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த அனுபவத்தை வெளியிட்டார். நோயைத் தீர்க்கக் கற்பித்த கட்டடம் நோயைப் பரப்பக் கற்கும் இடமானது. அங்கு பொறுப்பிலிருந்த மருத்துவர் யாரும் துப்பாக்கி ஏந்த வேண்டியிருக்கவில்லை. வெள்ளை அங்கியைக் கழற்றவும் இல்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான்: 1946-இல் நியூரம்பர்க்கில் தொடங்கிய மருத்துவர்கள் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 23 பேரில் 20 பேர் மருத்துவர்கள். மருத்துவ அறிவும் நோயாளியின் நம்பிக்கையும் மனிதரைக் கெடுக்கும் கருவிகளாக அவர்களால் மாற்றப்பட்டன. என் வாதம் இதுதான்: மருத்துவ அறம் என்பது மருத்துவர் என்ற ஆளின் மேல் சாகும்வரை ஒட்டியிருக்கும் சாதி முத்திரை அல்ல. தன்னை நம்பி உடலை ஒப்படைத்தவரோடு அவர் கொள்ளும் உறவிலிருந்து எழும் கடமை அது. அந்த நம்பிக்கையை ஆயுதமாக்குவதும், அதை ஒரு முகமூடியாக்குவதும் மருத்துவருக்கே உரிய பெரும்பாவம். பணியை வெளிப்படையாக இறக்கிவைத்துவிட்டு, விளைவை ஏற்று, சிப்பாயாக நிற்பது அந்தப் பாவத்தில் சேராது. இஷீ மருத்துவராகவே இருந்துகொண்டு மருத்துவத்தைக் கொன்றார். லட்சுமி தம் மருத்துவமனையின் கதவை மூடிவிட்டுத்தான் படைமுகாமின் கதவைத் திறந்தார்.

தமிழ் மரபும் இந்தக் கோட்டை வேறு சொற்களில் அறிந்திருந்தது என்று நினைக்கிறேன். திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில், அறத்துக்கும் மறத்துக்கும் அன்பே துணை என்ற கருத்து வருகிறது. பரிமேலழகர் அதைப் பகைமையைப் போக்குவதற்கு அன்பு துணையாகும் என்று விளக்கினார். வீரச் செயலுக்கும் அன்பே அடிப்படை என்று இன்று பலர் பொருள் கொள்கிறார்கள். இரண்டு பொருளும் நெடுங்காலம் நிலைத்திருப்பதே, அன்பும் போரும் எங்கே சந்திக்கலாம் என்பதில் நம் முன்னோரிடையே ஒருமித்த முடிவு இல்லை என்பதைக் காட்டுகிறது. வழிபாட்டிலும் அப்படித்தான். புள்ளிருக்குவேளூர் என்கிற வைத்தீஸ்வரன் கோயிலில் சிவன் மருத்துவராக வீற்றிருக்கிறார். போருக்குரிய கோளாகக் கருதப்படும் செவ்வாய் தன் நோய் நீங்கப் பெற்றதாகத் தலபுராணம் சொல்லும் இடமும் அதுவே. வேல் ஏந்திய முத்துக்குமாரசுவாமி அதே கோயிலில் இருக்கிறார். ஈசூனில் கோயில் கொண்டுள்ள ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியரிடமும், படைத்தலைவனான அந்த வேலவனிடமே, நோய் தீர வேண்டிப் பங்குனி உத்திரத்தில் காவடி எடுக்கிறோம். காப்பவரும் போரிடுபவரும் ஒருவராக இருக்கவே முடியாது என்று இந்த மரபு நினைத்திருந்தால், வேலின் முன் நின்று நலம் கேட்கும் வழக்கம் வளர்ந்திருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. தெய்வத்துக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்தாது. கொல்லாமையை எல்லா அறத்துக்கும் மேலாக வைத்த அதே தமிழ் மரபை நீ மறைக்கிறாய் என்று ஒருவர் கேட்கலாம். 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார் உயிரிரக்கத்தையே வழிபாடாக்கினார். அவர் வழியில் நிற்பவருக்கு எந்தப் போரும் ஏற்புடையதாகாது. இந்த மறுப்பை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்து, படையைப் பற்றிய அதிகாரங்களைப் பொருட்பாலில் வைத்தார் என்பதை நினைக்க வேண்டும். துறவிக்குரிய முழுமையை நாட்டின் பாதுகாப்புப் பொறுப்பில் உள்ளவரிடம் அவர் எதிர்பார்க்கவில்லை. வள்ளலாரின் அறம் உலகத்தோர் அனைவருக்கும் உரியது. மருத்துவருக்கென்று தனியாக விதிக்கப்பட்டதல்ல. கொல்லாமையை முழுமையாக ஏற்பவர் மருத்துவரும் போரிடக் கூடாது, உழவரும் போரிடக் கூடாது என்று சொல்ல வேண்டும். அது மதிக்கத்தக்க, முரணில்லாத நிலை. போரில் உழவரைச் சேர்க்கலாம், ஆசிரியரைச் சேர்க்கலாம், மருத்துவரை மட்டும் விலக்க வேண்டும் என்போரின் நிலையில்தான் முரண் இருக்கிறது. பிறர் செய்யும் கொலையின் பயனை அனுபவித்துக்கொண்டு, ஒரு தொழிலினரை மட்டும் தூய்மையின் அடையாளமாக ஒதுக்கி வைப்பது அறமாகாது.

எல்லா மறுப்புகளிலும் வலியது இனி வருவது. அதைத் தவிர்த்துவிட்டு லட்சுமியைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது. இந்திய தேசிய ராணுவம் யாரோடு கைகோத்து நின்றது? சரணடைவுக்குப் பின் வந்த வாரங்களில், சூக் சிங் என்ற பெயரில் சிங்கப்பூர்ச் சீனர்களைத் தேடித் தேடிக் கொன்ற ஜப்பானியப் படையோடு. இறந்தோர் தொகையை ஜப்பானியத் தரப்பு 5,000 அளவில் வைத்தது. சீனச் சமூகம் அதைப்போல் பல மடங்கு சொன்னது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்கு அள்ளிச் சென்றதும் அதே படை. அங்கே வேலைசெய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். மூங்கிலும் கந்தைத் துணியும் கொண்டு காலராவோடும் அழுகும் புண்ணோடும் அவர்கள் போராடினார்கள். தமிழ், மலாய், பர்மியத் தொழிலாளர்களுக்கு அத்தகைய மருத்துவ அமைப்பு எதுவும் இல்லை. கைதிகளைவிடப் பன்மடங்கு அதிகமாக அவர்கள் மடிந்தார்கள். 1943-இன் நடுவில்தான் சாங்கியிலிருந்த கைதி மருத்துவர்களில் சிலர் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜான்சி ராணிப் படைக்குப் பெண்களை அனுப்பிய அதே தோட்டங்கள் மரண ரயிலுக்கு ஆண்களை இழந்துகொண்டிருந்தன. உடல்களைப் பார்த்தே தொழில் செய்யும் ஒருவர் இதை எப்படி ஏற்றார்?

அந்தமானில் நடந்தது இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. டாக்டர் திவான் சிங் ராணுவ மருத்துவத் துறையில் பணியாற்றி, போர்ட் பிளேரில் நிலைபெற்றவர், பஞ்சாபிக் கவிஞர். ஆக்கிரமிப்பின்போது இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் அந்தமான் கிளைக்குத் தலைவராக இருந்தார். அதாவது அவரும் போஸ் அணியைச் சேர்ந்தவர்தான். மக்களுக்காக ஜப்பானிய அதிகாரிகளை எதிர்த்துப் பேசியதால் 1943 அக்டோபரில் கைதாகி, சிறைக்கூடச் சித்திரவதையில் 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். அவர் செல்லுலார் சிறைக்குள் துன்புற்றிருந்த அதே டிசம்பர் இறுதியில் போஸ் அத்தீவுக்கு வந்து கொடியேற்றித் திரும்பினார். உள்ளே நடப்பது அவருக்குக் காட்டப்படவில்லை. அடுத்த சில வாரங்களில் அந்தமானின் தலைமை ஆணையராக அங்கு சென்றவர் இன்னொரு மருத்துவர், ஆற்காடு துரைசாமி லோகநாதன். இந்திய மருத்துவப் பணியில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து சிங்கப்பூரில் கைதியாகி, இந்திய தேசிய ராணுவத்தில் மேஜர் ஜெனரலானவர். தீவுகளின் பெயர் தியாகிகள் தீவு, சுயராஜ்யத் தீவு என்று மாறியது, அதிகாரம் மாறவில்லை. காவல்துறையை ஜப்பானியர் கைவிடாததால் நிர்வாகம் முழுவதையும் ஏற்க மறுத்து, கல்வித் துறையை மட்டுமே தாம் ஏற்றதாகப் பின்னர் செங்கோட்டை வழக்கில் அவர் சாட்சியம் அளித்தார். சில மாதங்களில் உடல்நலக் குறைவோடு தீவைவிட்டு வெளியேறினார்.

லோகநாதனின் வாழ்க்கையில் என் வாதத்தின் இன்னொரு பாதி இருக்கிறது. அவர் அந்தமானில் யாரையும் சுடவில்லை. ஆயினும் அவருடைய அறச்சிக்கல் லட்சுமியுடையதைவிடக் கடுமையானது. ஒரு மருத்துவரின் நற்பெயரும், இந்திய அரசின் பெயரும், அவர் கட்டுப்படுத்த முடியாத ஒரு கொடுமைக்கு மேல் போர்வையாக விழக்கூடிய நிலையில் அவர் நிறுத்தப்பட்டிருந்தார். தாம் பொறுப்பேற்றுப் பதில்சொல்ல முடியாத அதிகாரத்தை ஏற்க மறுத்தபோது அவர் மருத்துவ அறத்தைக் காத்தார் என்பேன். நோயாளியை நேரில் பார்க்காமல் மருந்துச் சீட்டில் கையெழுத்திட மறுக்கும் மருத்துவரின் நேர்மை அது. பதவியின் பெயரோடு சில மாதம் அங்கேயே இருந்ததைக் குறை சொல்லலாம். அந்தக் குறையில் உண்மையும் உண்டு. ஆனால் 1945 ஏப்ரலில் ஜப்பானியர் ரங்கூனை விட்டு ஓடியபோது, சில ஆயிரம் வீரர்களோடு பின்தங்கி, பிரிட்டிஷ் படை வரும்வரை கொள்ளையும் கலவரமும் நிகழாமல் நகரத்தைக் காத்தவரும் அவரே. அங்கே அவருக்கு உண்மையான அதிகாரம் இருந்தது. அதை உயிர்களைக் காக்கவே பயன்படுத்தினார். பொறுப்புக்கும் அதிகாரத்துக்கும் இடையே பொய் இல்லாத இடத்தில் மருத்துவரின் அறமும் போராளியின் அறமும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை.

கூட்டாளியைப் பற்றிய மறுப்புக்கு இப்போது பதில் சொல்லலாம். அடிமை நாட்டவர் தம் எஜமானனின் எதிரியோடு சேர்வதைத் துரோகம் என்று கருத முடியாது. நூறாண்டுகளுக்கு மேல் தோட்டங்களில் கூலிகளை வாட்டிய ஆட்சி அறத்தின் காவலனும் அல்ல. விடுதலைக்காகப் படை சேர்ந்ததில் லட்சுமியிடம் நான் குற்றம் காணவில்லை. எனினும், மருத்துவருக்கென்று ஒரு கூடுதல் கடன் இருக்கிறது. மற்றவர்களுக்கு வதந்தியாக வருவது மருத்துவருக்கு உடலாக வருகிறது. பட்டினியின் வயிற்றையும் சித்திரவதையின் தழும்பையும் அடையாளம் காணக் கற்றவர் அவர். ஆகவே, கூட்டாளி செய்தது எனக்குத் தெரியாது என்று சொல்லும் உரிமை அவருக்கு மற்றவர்களைவிடக் குறைவு. போஸ் அணியில் சேர்ந்த மருத்துவர்கள் எல்லாரும் அந்தக் கடனை முழுவதும் தீர்த்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திவான் சிங் மட்டுமே அதை முழுமையாகத் தீர்த்தார். உயிரைக் கொடுத்துத் தீர்த்தார். ஆயுதம் ஏந்துவதா வேண்டாமா என்ற இடத்தில் மருத்துவ அறம் சோதிக்கப்படவில்லை. பார்த்ததைப் பார்த்ததாகச் சொல்வதில்தான் அது சோதிக்கப்பட்டது.

லட்சுமியின் பிற்கால வாழ்க்கையை இங்கே எப்படிப் பொருத்துவது? ஜான்சி ராணிப் படையின் பெண்களுக்குக் களத்தில் சண்டையிடும் வாய்ப்புப் பெரும்பாலும் வரவில்லை. பர்மாவில் காயம்பட்டவரையும் நோயுற்றவரையும் கவனித்ததே அவர்களில் பலரின் போராக இருந்தது. 1945-இல் பர்மாவில் பிடிபட்ட லட்சுமி 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1947 மார்ச்சில் பிரேம் குமார் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். பிரிவினையின் அகதிகளுக்கு மருத்துவம் பார்த்தார். 1971-இல் வங்கதேச அகதிகளுக்குப் பார்த்தார். 1984-இல் விஷவாயு கசிந்த போபாலுக்குப் போனார். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் கான்பூர் மருத்துவமனையில் ஏழை நோயாளிகளைப் பார்த்துவந்தார். 2012 ஜூலை 23 அன்று 97 வயதில் இறந்தபோது அவர் உடல் மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாகச் சென்றது. இத்தனை சேவையும் போர்க்காலத் தேர்வின் குறையை ஈடுசெய்துவிட்டது என்று எழுதுவது எளிது. சைவ சித்தாந்தம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. நல்வினை தீவினையைக் கழித்துவிடாது. இரண்டின் பயனும் தனித்தனியே நுகரப்பட வேண்டியவை என்கிறது அது. கான்பூரின் நோயாளிகள் சயாமில் மடிந்தவர்களுக்கு ஈடாக மாட்டார்கள். ஆனால் அந்த அறுபதாண்டுச் சேவை வேறொன்றை மெய்ப்பிக்கிறது. இறக்கிவைத்த பணியை மீண்டும் எடுத்துக்கொள்ள முடியும். துப்பாக்கி பிடித்த கை நோயாளியின் நம்பிக்கைக்குத் தகுதியற்றதாகிவிடுவதில்லை, அந்தக் கை முன்பு அந்த நம்பிக்கையை வஞ்சித்திராத வரையில். இஷீக்கு இந்தத் திரும்பும் வழி இருக்கவில்லை.

இன்று நீ சூன் முகாமில் பயிலும் இளைஞருக்கும், படிப்பை முடித்து ராணுவ மருத்துவ அதிகாரியாகச் சேவை செய்யும் டாக்டருக்கும் இந்த வரலாற்றில் ஒரு வழிகாட்டல் இருக்கிறது. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவு பெறும்போது எடுக்கும் உறுதிமொழி, நோயாளியின் மதத்தையோ இனத்தையோ நாட்டையோ பார்க்காமல் கடமை செய்யச் சொல்கிறது. நியூரம்பர்க் வழக்குக்குப் பின் 1948-இல் உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஜெனிவா பிரகடனத்தின் வழிவந்த கருத்து அது. நாட்டைக் காக்கச் சீருடை அணிவது அந்த உறுதிமொழிக்கு முரண் இல்லை. கைக்குள் எதிரியின் காயம்பட்ட உடல் வந்து சேரும் அந்த நொடியில் மற்ற எல்லாக் கட்டளைகளும் பின்னுக்குப் போக வேண்டும் என்பதே அதன் உயிர். மருத்துவ அறிவைத் துன்புறுத்தலுக்குத் தரச் சொன்னால் மறுக்க வேண்டும். பொய்ச் சான்றிதழில் கையெழுத்துக் கேட்டால் மறுக்க வேண்டும். கூட்டாளியே செய்த கொடுமையானாலும் கண்டதைச் சொல்ல வேண்டும். சுடுவது எப்படி, கட்டுப்போடுவது எப்படி என்பதோடு, மறுப்பது எப்படி என்பதையும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். படை சேரும் மருத்துவருக்கு அந்த மூன்றாவது பயிற்சியே முதன்மையானது.